கையிருப்பு நிறைந்திருக்கிறது

"அப்ப சரி" என்று அந்த மேனேஜர் ஏன் சொன்னார் என்பதுதான் காந்திமதிக்குப் பிடிபடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூட்ட அறைக்குத் திரும்பியிருந்தார்கள். தயிர்சாதம் உண்டவர்களை ஏசி அறையில் வரிசையாக உட்காரவைத்து ஊரில் உள்ள வங்கிகளைக் காப்பாற்றச் சொல்வது யார் கண்டுபிடித்த வழக்கமோ தெரியவில்லை, கூட்டுறவு வங்கிகளைக் கண்காணிக்கும் ஆணையத்தின் சென்னை அலுவலகத்தில் மூன்று நாட்களாக அதுதான் நடந்துகொண்டிருந்தது. மேசையின் தலைமாட்டில் இயக்குநர் பட்வர்தன், புனேக்காரர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார், கேட்கும்போது மாட்டிக்கொள்வார், அதனால் அவர் எப்போது கேட்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்கு வலப்பக்கம் துணை இயக்குநர் நீலகண்டன், முன்னால் ஒரு நீலநிறக் கோப்பு. அந்தக் கோப்பில் இருப்பது என்ன என்பதும் எல்லாருக்கும் தெரியும். வடமலைப்பட்டி வணிகர் கூட்டுறவு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் எவரும் இனி ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற ஆணை, தட்டச்சாகி, கையெழுத்து மட்டும் பாக்கியாக இருந்தது. காந்திமதி கடைசி நாற்காலியில் இருந்தாள். தெற்கு மாவட்டங்களின் வங்கிகளோடு தொலைபேசியில் பேசுவது அவள் வேலை. காலையில் அந்த வடமலைப்பட்டி மேனேஜரோடும் பேசினாள். எந்த ஊர் என்று கேட்டார், பாளையங்கோட்டை என்றாள், அப்ப சரி என்றார். அது எதற்கு என்றுதான் இப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஊரைக் கேட்பது வழக்கம்தான். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, ஆள் யார் என்று தெரிந்துகொண்டால்தான் நம் பக்கத்தில் சிலருக்குப் பேச்சு வரும். ஆனால் அப்ப சரி என்பது அந்தக் கேள்விக்கு முத்தாய்ப்பு இல்லை. அது ஏதோ ஒரு பெரிய சுமையை இறக்கிவைத்தவன் சொல்கிற சொல்லாக இருந்தது.

நீலகண்டன் பேசிக்கொண்டிருந்தார். வங்கி தன் பணத்தில் பெரும்பங்கை ஒரு நூற்பாலைக்குக் கொடுத்தது தப்பு, ஆலை படுத்தது உண்மை, ஆலை முதலாளி வங்கித் தலைவரின் சம்பந்தி என்பதும் உண்மை, ஆகவே கதவைச் சாத்துவதே முறை என்றார். பட்வர்தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார். நீலகண்டன் கெட்ட மனுஷர் இல்லை. இதற்கு முன்னால் ஒரு வங்கியில் ஒரு வாரம் பொறுப்போம் என்று பொறுத்திருந்தபோது, அந்த வாரத்துக்குள் இயக்குநர்கள் எல்லாரும் தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் கதவு சாத்தும்போது வெளியே நின்றது ஓய்வூதியக்காரர்களும் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்களும்தான். அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று அவர் வசவு வாங்கியிருக்கிறார். ஒரு முறை சூடு கண்டவர், அவ்வளவுதான். ஆனால் வடமலைப்பட்டிக்கு ஆலைக்கடன் போனாலும் மீதி இருந்தது. அரசுப் பத்திரங்களாக விருதுநகரில் ஒரு பெரிய வங்கியின் பொறுப்பில் கணிசமாக இருந்தது. பத்திரத்தின்மேல் பெரிய வங்கி எப்போது வேண்டுமானாலும் நோட்டாகக் கொடுக்கும், ஆணையம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நோட்டுக் கையில் இருக்கிறவரை வங்கி பிழைத்துக்கொள்ளும். வந்தவருக்கெல்லாம் இல்லை என்னாமல் கொடுத்தால் நான்கு நாளில் வருவது நின்றுவிடும். இது பட்வர்தனின் கட்சி. கொடுத்துக்கொண்டிருக்கிற வங்கியின் கையை நாம் ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்டார். கேட்டுவிட்டு வெள்ளைப்பலகையைக் காட்டினார். பலகையில் காந்திமதியின் கையெழுத்தில், வடமலைப்பட்டிக்கு நேரே, போதுமான கையிருப்பு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியின்மேல்தான் பட்வர்தனின் கட்சி நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட வந்தது. பதவி உயர்வுப் பட்டியல் வரப்போகிற மாதம் வேறு.

மேசைமேல் பிஸ்கட் தட்டு வந்தது. ஒன்றை எடுத்தாள், தேநீரில் தோய்த்தாள், பாதி உள்ளே விழுந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வாட்ஸப் குரல். யாரோ ஓர் ஆண், அவசரமும் இல்லாமல் பதற்றமும் இல்லாமல், நம்ம சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிருங்க, வணிகர் பேங்க்ல இருக்கறத எடுத்துருங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க என்கிறான். பதறிப் பேசியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நம் ஜனத்துக்கு நிதானமாகச் சொன்னால் போதும். அடுத்த நாள் காலையில் வங்கி வாசலில் வரிசை, அதற்கடுத்த நாள் வரிசை தெருமுனை திரும்பியது. வரிசையைப் பார்க்கிறவன் வதந்தியை நம்பாவிட்டாலும் வரிசையை நம்புவான், தானும் போய் நிற்பான், அவன் நிற்பதைப் பார்த்து இன்னொருவன். வங்கி நன்றாக இருக்கிறது என்று அமைச்சர் அறிக்கை விட்டார், அதைப் படித்துவிட்டு மேலும் கூட்டம் வந்தது. நன்றாக இருக்கிற வங்கிக்கு அமைச்சர் எதற்கு அறிக்கை விடுகிறார் என்று கேட்டார்களாம். கேள்வி நியாயம்தான். காந்திமதி விழுந்த பிஸ்கட்டைக் கரண்டியால் எடுக்கப் பார்த்தாள், அது கரைந்தே போய்விட்டது. நேற்று நோட்டு வண்டி எங்கே போவது என்று சண்டை வந்தது. அடுத்த தாலுகா வங்கியின் செயலாளர் போனிலேயே அழுதார், இல்லைங்கம்மா ஒத்தப் பைசா இல்லைங்கம்மா என்றார், வண்டி அங்கே போனது. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். இன்று காலை பேசிய வடமலைப்பட்டி மேனேஜர் ஞானகுருசாமி அழவில்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை. பின்னால் ஹாலில் ஒரே இரைச்சல், அதற்குள் அவர் குரல் மட்டும் வெள்ளிக்கிழமைச் சாமி கும்பிட்டு வந்தவர் குரலாகப் பதமாக இருந்தது. கையிருப்பு நெறஞ்சிருக்கும்மா, காலையிலேருந்தே நெறஞ்சுக்கிட்டேதான் வருது, சீக்கிரம் பாருங்க என்றார். இவள், சரி, புரிஞ்சுது, பாத்துக்கறோம் என்றாள். நீங்க சொன்னாப் போதும்மா என்று வைத்துவிட்டார். நல்ல மனுஷர், ஊரே பணம் எடுக்க நிற்கும்போது இவ்வளவு நிதானமாகப் பேசுகிறாரே என்று அவளுக்கு ஒரு மரியாதை கூட வந்தது. நிறைந்துகொண்டே வருகிறது என்றாரே. வரிசையில் நிற்பவர்கள் பணம் எடுக்கத்தானே நிற்கிறார்கள். எடுக்க எடுக்க எப்படி நிறையும்?

கரண்டியைக் கீழே வைத்தாள். நிறைந்துகொண்டே வருகிறது. நெறஞ்சுக்கிட்டே வருது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தபோது அது அவள் அம்மாவின் வாய் மாதிரி ஆகிவிட்டது. பாளையங்கோட்டை வீட்டில் அடுக்களை மேடைமேல் வரிசையாகத் தகர டப்பாக்கள், அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பருப்பு நெறஞ்சிருக்கு, புளி நெறஞ்சிருக்கு, அப்பா வர்றப்ப வாங்கியாரச் சொல்லு என்பாள். டப்பாவின் அடியில் உள்ளங்கைப் பருப்பு இருக்காது. இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடும், லட்சுமி கேட்டுக்கொண்டிருப்பாள், ஆகவே வீட்டில் எதுவும் இல்லையாகாது, தீர்ந்துபோகாது, நிறையும். கடைக்காரர்களுக்கு இன்னும் கெட்டி. நாள் முழுக்க ஒரு தடவை இல்லை என்று சொல்லாமல் கடை நடத்துகிறவர்கள் உண்டு. அவள் கல்யாணமாகி ஆம்பூருக்குப் போன புதிதில், நாத்தனார் குடும்பம் வரப்போகிறது, சர்க்கரை இருக்கிறதா என்று அத்தை கூடத்திலிருந்து கேட்டாள், இவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு நெறஞ்சிருக்கு அத்தை என்றாள். அத்தை நிம்மதியாக இருந்துவிட்டாள். பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்த பிறகு காபிக்குச் சர்க்கரை இல்லை. அவள் வீட்டுக்காரர் சட்டையைக்கூட மாட்டாமல் கடைக்கு ஓடினார். எங்க மருமக ஊர்ல காலி டப்பாவுக்குத்தான் நெறஞ்ச டப்பான்னு பேரு என்று அத்தை சொல்லிச் சொல்லி, அது அந்த வீட்டில் பல வருஷத்துக்குச் சிரிப்பாக ஓடியது. அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் கூசியது. அன்றிலிருந்து சர்க்கரை இல்லை, அரிசி இல்லை, பஸ் இல்லை, நேரம் இல்லை என்று நகரத்துக்காரர்கள் மாதிரி நறுக்கென்று சொல்லப் பழகினாள். அவ்வளவு நன்றாகப் பழகிவிட்டதில் காதே மாறிப்போயிருக்கிறது. இந்த அறையில் இருக்கிற பத்துப் பேரில் அந்த மனுஷர் சொன்னது விளங்கியிருக்க வேண்டியது ஒரே ஒருத்திக்கு. அதற்காகத்தான் ஊரைக் கேட்டார். அதற்காகத்தான் அப்ப சரி என்றார். ஹாலில் இத்தனை ஜனம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் வேறு எப்படிச் சொல்லுவார்? வடமலைப்பட்டியில் பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது. அவள் பலகையில் போதுமான கையிருப்பு என்று எழுதிவிட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள்.

இல்லை, அப்படி இருக்காது, வங்கி மேனேஜர் படித்தவர், ஆணையத்திடம் அடுக்களைப் பேச்சா பேசுவார் என்று தனக்கே சொன்னாள். படித்தவர்தான், நானும் படித்தவள்தான், அம்மாவிடம் இன்றைக்கும் போனில் மாத்திரை நெறஞ்சிருச்சா என்றுதானே கேட்கிறேன். சரி, எழுந்து சொல்லிவிடலாம். ஐயா, நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்லலாம். எதைத் தப்பாகக் கேட்டாய் என்பார்கள். நிறைந்திருக்கிறது என்று சொன்னதை. அப்படியென்றால்? அப்படியென்றால் இல்லை என்று அர்த்தம். நீலகண்டன் சிரிக்கக்கூட மாட்டார், கோப்பைப் பட்வர்தன் பக்கம் நகர்த்துவார். அதுதான் அவளைத் தடுத்தது. பதவி உயர்வு போகட்டும், போனால் மயிரே போச்சு என்று ஒரு கணம் உண்மையாகவே தோன்றியது, அடுத்த கணம் அப்படித் தோன்றவில்லை, அது வேறு விஷயம். ஆனால் சொன்னால் ஆணை கையெழுத்தாகும். பணம் கையில் இல்லாத வங்கியை விட்டுவைக்க பட்வர்தனுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆணை வந்த வங்கி மீண்டதாக அவள் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆறு மாதம் என்பார்கள், இன்னும் ஆறு மாதம் என்பார்கள், பூட்டில் துரு ஏறும். சொல்லாவிட்டால் நோட்டு தீரும், ஷட்டர் இறங்கும், கண்ணாடி உடையும், போலீஸ் வரும். சொன்னால் நாம் கொல்கிறோம், சொல்லாவிட்டால் தானாகச் சாகும். சொல்லாமல் இருந்தால் என் பெயர் வராது. இந்த எண்ணம் வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. வெறுப்பு வந்தும் நாற்காலியை விட்டு எழவில்லை. எதிர்ச் சுவரில் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது, அதற்கு அடியில் யாரோ பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். லிக்விடிட்டி என்று யாரோ சொன்னார்கள். தமிழில் எழுதும் அறிக்கையில் அதற்கு நீர்மைத்தன்மை என்று போடச் சொல்லி மேலிடம் சொல்லியிருந்தது, வடமலைப்பட்டியில் அதைப் படிக்கிறவன் குடிதண்ணீர்த் திட்டம் என்று நினைப்பான். முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். தெரியாமல் சொல்வது தப்பு. இது சாக்கு என்று அவளுக்குத் தெரிந்தது, இருந்தாலும் எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டித்தானே இருந்தது.

வராந்தாவில் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று போன் போட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை முழுக்க அடித்து ஓயும்போது எடுத்தார். ஹால் இரைச்சல் முன்னால் வந்தது, அப்புறம் அவர் குரல், அதே பதத்தில்.

"சொல்லுங்கம்மா. வண்டி எங்கன வந்துக்கிட்டிருக்கு?"

அந்தக் கேள்வி அவள் காலை இடறிவிட்டது. வண்டி என்று அவள் சொல்லவே இல்லை. பாத்துக்கறோம் என்றாள், அவருக்கு அது வண்டியாகக் கேட்டிருக்கிறது. அவள் நிறைந்ததை நிறைந்ததாகக் கேட்டாள், அவர் பார்த்துக்கொள்வதைப் பணமாகக் கேட்டார், தப்பில் ஆளுக்கொரு பங்கு. பக்கத்துல ஆள் இருக்காங்களா என்று கேட்டாள். நெறைய என்றார். உள்ளே அறைக்குப் போய்ப் பேச முடியுமா என்றாள். அதற்கு அவர், காலையிலேருந்து ஹாலுக்கு நடுவுல மேசை போட்டு உக்காந்திருக்கேம்மா, ஒண்ணுக்குப் போறதுக்கே எந்திரிக்கல, எந்திரிச்சா மேனேஜர் ஓடிட்டான்னுருவாக என்றார். ஒருவரும் நகராத ஹாலில் மேனேஜர் முதுகைக் காட்டினாலே ஓடினதாகத்தான் கணக்கு.

"ஐயா, காலைல நெறஞ்சிருக்குன்னு சொன்னீங்களே. அது எங்க அம்மா சொல்ற நெறஞ்சிருக்கா?"

"பின்ன?" என்றார் அவர். "பாளையங்கோட்டைன்னு சொன்னீகள்ல."

எத்தனை பேருக்குத் தாங்கும் என்று கேட்டாள். யாரோ அவரிடம் பாஸ் புத்தகத்தை நீட்டுவதும் அவர் உக்காருங்க அண்ணாச்சி என்பதும் கேட்டது. பிறகு, இன்னும் நாலஞ்சு பேருக்குத்தாம்மா இலை போடலாம், பந்தி பெருசா இருக்கு என்றார். வந்தவர்களுக்கெல்லாம் பித்தளை டோக்கன் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார். சாப்பாட்டுக்குக்கூட ஒருத்தரும் எழுந்து போகவில்லை. வண்டி வருகிறது என்று சொல்லியிருக்கிறார். "நீங்க பாத்துக்கறோம்னு சொன்னீகளே, அந்தத் தைரியத்துலதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நன்றியாகச் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. இங்கே ஒரு பதில் சொல்ல வேண்டும். உண்மை என்னவென்றால் வண்டி கிளம்பவில்லை, கிளம்புமா என்று தெரியாது, ஆணை ஒன்று கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அதை அவரிடம் சொல்லலாம். சொன்னால் அவர் முகம் மாறும், முகத்தை ஹாலே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆணையத்தில் இருபத்தைந்து வருஷம், தெரியாததைத் தெரியாது என்று சொல், உறுதி எதுவும் கொடுக்காதே என்பதுதான் முதல் பாடம். அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

"வண்டி கிளம்பிருச்சு ஐயா."

"சரிம்மா" என்றார். போனை வைக்குமுன்னால், வண்டி கிளம்பிருச்சாம்ப்பா என்று அவர் ஹாலைப் பார்த்துச் சொல்வது அவளுக்குக் கேட்டது.

அறையை நோக்கித் திரும்பி நடந்தாள். என்ன காரியம் பண்ணிவிட்டேன், அவர் நம்பியிருந்தார் என்பதற்காக நானும் நம்பவைத்துவிட்டேன், இப்போது வண்டி போகாவிட்டால் நூற்றுக்கணக்கான ஜனத்திடம் பொய் சொன்னது மேனேஜர் அல்ல, ஆணையம். அந்த வாட்ஸப் குரலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், அவனும் நிதானமாகத்தான் சொன்னான். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். உள்ளே நீலகண்டன் வேறு ஏதோ வங்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், வடமலைப்பட்டி முடிந்த கதையாகிவிட்டிருந்தது. அவள் உட்காரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, ஐயா, வடமலைப்பட்டியில் கையிருப்பு இல்லை, நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பட்வர்தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எப்படித் தப்பாகும் என்று கேட்டார். மேனேஜர் நிறைந்திருக்கிறது என்றார், அங்கெல்லாம் தீர்ந்துவிட்டது என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். உங்கள் மொழியில் நிறைந்தது என்றால் காலி என்று அர்த்தமா என்று அவர் கேட்டார். சில வீடுகளில், என்றாள். நீலகண்டன், நானும் தமிழன்தான் மேடம், மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன், நான் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். சொல்லிவிட்டு, அவள் நினைத்தபடியே, நீலக் கோப்பைப் பட்வர்தன் பக்கம் நகர்த்தினார். பழமொழியை வைத்து வங்கி நடத்தமுடியாது, இன்றைக்கு நோட்டு அனுப்பினால் நாளைக்கும் கேட்பார்கள், எடுத்துக்கொண்டு ஓடத் தெரிந்தவன் இன்றைக்கு எடுத்துவிடுவான், தெரியாதவன் நாளைக்கு நிற்பான் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பட்வர்தன் கோப்பைத் திறக்கவில்லை. வாளியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பெண்களின் வளையல் உடைந்தால் உடைந்தது என்று சொல்லமாட்டார்கள், பெருகியது என்பார்கள் என்றார். ராத்திரி கடை அடைக்கிறவன் கடையைப் பெருகச்செய்துவிட்டு வருகிறேன் என்பான், என் அப்பா கடை வைத்திருந்தார் என்றார். சொன்னதில் அவருக்கே கொஞ்சம் கூச்சம் வந்தமாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காந்திமதிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள். இருபத்தைந்து வருஷமாக மறைத்துவைத்த அடுக்களைச் சொல் ஒன்றைப் புரிந்துகொள்ள புனேயிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது. அவர் மறுபடி கண்ணாடியை மாட்டி, மேனேஜரிடம் நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். வண்டி கிளம்பிவிட்டது என்று சொன்னேன் என்றாள். யார் சொல்லச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எங்கே இருந்து பேசினார்? ஹால் நடுவில் இருந்து. ஜனங்கள் கேட்டார்களா? கேட்டார்கள். பட்வர்தன் கோப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். அவர் என்ன யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை, அவள் யோசித்தது கடைசி இலையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதைத்தான். பிறகு அவர் போனை இழுத்து விருதுநகரில் அந்தப் பெரிய வங்கிக்குப் பேசினார். பத்திரத்தின்மேல் நோட்டு, இப்போதே, வண்டி கிளம்பியாக வேண்டும் என்றார். கிளம்பியாக வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார். போனை வைத்துவிட்டு, கோப்பை நீலகண்டனிடமே திருப்பிக் கொடுத்து, தேதி போடாமல் வைத்திருங்கள் என்றார். கிழிக்கச் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. காந்திமதி தனக்கில்லாத அதிகாரத்தில் உறுதி கொடுத்ததற்கு நாளை எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார் பட்வர்தன். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். நீலகண்டன் ஒரு யோசனை சொன்னார், எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இனி வார்த்தையே வேண்டாம். மணிக்கு ஒரு தடவை வங்கியைக் கூப்பிட வேண்டும், கையிருப்பு எவ்வளவு என்று எண் மட்டும் கேட்க வேண்டும், பேச்சு பதிவாக வேண்டும். எழுத்தில் அனுப்பச் சொல்லலாமே என்று யாரோ கேட்டார்கள். எழுத்தில் அனுப்பினால் அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் விடுவார்கள், ஏற்கெனவே பட்டது போதாதா என்றார் நீலகண்டன். கூப்பிடுவதற்கு தில்லியிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவரைப் போட்டார்கள். எண்ணுக்கு எந்த மொழியாக இருந்தால் என்ன? காந்திமதி தலையாட்டினாள். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. எண் மாறிக் கேட்காது. எண்ணைக் கேட்டு லட்சுமி போய்விடமாட்டாள்.

அலுவலகம் கலைகிற நேரத்தில் ஞானகுருசாமியே கூப்பிட்டார். ஹால் அமைதியாக இருந்தது, யாரோ தண்ணீர் தெளித்துக் கூட்டுகிற ஓசை கேட்டது. வண்டி வந்துவிட்டதாகச் சொன்னார். வருவதற்குள் இலை தீர்ந்துவிட்டதாம். காசாளரைச் சில்லறை நோட்டாக எண்ணச் சொல்லி, எண்ணினதை மறுபடி எண்ணச் சொல்லி ஓட்டியிருக்கிறார்கள், ஒரு பெரியவர் எழுந்து சத்தம் போட்டிருக்கிறார், அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். இரும்புப் பெட்டிகளை ஹாலுக்கு நடுவே வழியாகத்தான் தூக்கிப் போகச் சொன்னாராம், கொல்லை வழியாக வேண்டாம் என்றாராம். எல்லாரும் பார்த்தார்கள். அவர் குரலில் முதல்முறையாகக் களைப்பு தெரிந்தது, அதோடு ஒரு சின்னச் சந்தோஷமும்.

"பாதிப் பேரு எடுக்கலம்மா. பெட்டியப் பாத்தாக, எந்திரிச்சுப் போயிட்டாக. ஆனா டோக்கனை யாரும் திருப்பிக் குடுக்கல. மடியில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டாக."

அது நல்லதா கெட்டதா என்று கேட்டாள். அதான் தெரியலம்மா, பணத்த எடுத்துட்டுப் போயிருந்தா விசயம் முடிஞ்சுது, எடுக்கவே வேணாம்னா டோக்கனைக் குடுத்திருப்பாக, இது ரெண்டுங்கெட்டானா இருக்கு என்றார். நாளைக்கு அத்தனை பேரும் டோக்கனோடு வந்து நிற்கலாம். வராமலும் போகலாம். எப்படியும் அவர் கதவைத் திறந்து ஹால் நடுவில் மேசையைப் போட்டு உட்காருவார். நாளைக்கு எத்தனை மணிக்கும்மா கூப்பிடுவீக என்று கேட்டார். அவள் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், வீட்டுக்குப் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இதைச் சுற்றிவளைக்கக் கூடாது என்று தீர்மானித்துச் சொன்னாள். "நாளைலேர்ந்து நான் கூப்பிட மாட்டேன் ஐயா. வேற ஒருத்தர் கூப்பிடுவார், அவருக்குத் தமிழ் வராது. மணிக்கு ஒரு தடவை கேப்பார். கையில எவ்வளவு இருக்குன்னு எண்ணால மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேண்டாம், பேசறது பதிவாகும்."

கூட்டுகிற ஓசை நின்றிருந்தது. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார், வேலை தெரிந்தவர்கள் புது ஏற்பாட்டை யோசிப்பதுபோல.

"எண்ணு சொல்றதுல ஒண்ணும் கஷ்டமில்லம்மா" என்றார். "ஹால்ல அம்புட்டுச் சனமும் என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். எண்ணு இறங்குனா அதுல எப்பிடிம்மா சொல்ல?"

ஐந்தாம் மாடியில் மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அவர் அவள் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார், போனை வைக்கவில்லை.